யாரும் தொடாத ஆட்டக்காரி

“எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் டீச்சர். அந்தப் பிள்ளை கிரவுண்டுக்கு வரமாட்டேங்கா.”

வந்து உட்கார்ந்த கையோடு கோயில்பிள்ளை சார் இதைச் சொல்லிவிட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தபித்தா டீச்சர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். டீச்சருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஆனாலும் செம்பு நேராகப் போய் சாருடைய விரலில் முட்டி நின்றது.

உப்பளங்களைத் தாண்டி, ரோடு தீர்ந்துபோகிற இடத்தில் இருக்கிறது டீச்சருடைய பள்ளிக்கூடம், கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். வெயில் ஏற ஏற எது தரை, எது ஆகாசம் என்று பிடிபடாது. தூரத்தில் யாராவது நடந்து போனால் மேகத்தின்மேல் போகிற மாதிரி இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே சாருக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல்தான் இருந்தது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தினாலு வயது. முப்பது வருடமாக விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் தொங்காவிட்டால் சட்டை போடாத மாதிரி கூசுவார். தபித்தா டீச்சருக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். அவரிடம் பாடம் கேட்க வந்திருக்கிறார் என்றால் மனுசன் எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

“எந்தப் பிள்ளை சார்?”

“இசக்கியம்மா. பத்து வயசு. ரெண்டு காலும் சூம்பிருக்கும். ரெண்டு பக்கமும் கம்பு ஊணித்தான் நடப்பா. ‘இவளை எதுக்கு எல்லாப் பிள்ளையளோடயும் போடுதீங்க’ன்னு எங்க பள்ளிக்கூடத்துலயும் கேட்டாங்க, அவ அப்பாவும் கேட்டாரு. நான்தான் சண்டை போட்டுச் சேத்தேன். அவளுக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன்.”

“என்ன ஆடுவா?”

“கிளித்தட்டு. கிளித்தட்டுன்னா அவளுக்கு உசுரு.”

கிளித்தட்டு தெரியும்தானே? தரையில் நீளமாகக் கட்டம் போட்டு, குறுக்கே கோடு கோடாகக் கிழித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்பார். கோட்டை விட்டு அவர் நகரக் கூடாது. எதிரணிக்காரர்கள் அவர் கையில் படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். தொட்டால் அவுட். இவ்வளவுதான் ஆட்டம். இதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்த தெருக்களெல்லாம் உண்டு.

“இப்ப ஆட்டமே வேண்டாங்கா. பள்ளிக்கூடமும் வேண்டாமாம். இந்த மாதிரிப் பிள்ளையளுக்குன்னு தூரத்துல ஒரு ஹாஸ்டல் இருக்கு. அங்கயே போயிருதேன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறாரு அவ அப்பா.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேக்காம இருப்பனா? ‘ஆட்டம் புளிச்சுப் போச்சு சார்’ங்கா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல.”

சாருடைய குரல் இறங்கிவிட்டது.

“நான் என்ன குறை வச்சேன் டீச்சர்? கம்பு வழுக்கக் கூடாதுன்னு கிரவுண்டுல கிடந்த சரளை எல்லாத்தையும் நானே குனிஞ்சு பொறுக்கினேன். வெயில் படக் கூடாதுன்னு கட்டத்தை வேப்பமரத்துப் பக்கமா மாத்திப் போட்டேன். ரெண்டு வருசத்துல அவ ஒரு ஆட்டம் தோத்ததில்ல. ஒரு நாள் அவுட் ஆனதில்ல.”

“ஒரு நாள் கூடவா?”

“ஒரு நாள் கூட!”

அந்தத் துக்கத்திலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே எங்கோ உப்பு வாருகிற சத்தம் கேட்டது. தபித்தா டீச்சர் எழுந்தார்.

“ஆட வாரீங்களா சார்?”

“யாரு, நானா?”

“சாயங்காலம் எங்க பிள்ளையளு ஆடும். கிளித்தட்டுதான்.”

“டீச்சர், நான் கேக்க வந்தது...”

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க.”

அந்த மைதானத்தில் ஒரு கோடு கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கோட்டுக்குப் பதிலாகக் கயிற்றைப் போட்டு, மேலே மண் தூவி மூடியிருந்தார்கள். வெறுங்கால் வைத்தால் பாதத்துக்குத் தெரியும். எல்லோர் காலிலும் ஒரு சலங்கை. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அதுதான் சொல்லும்.

ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. மீதிப் பாதி பக்கத்து உப்பளத்துப் பிள்ளைகள். அவர்களுக்குக் கண் தெரிகிறதே, அதனால் துண்டு கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். இல்லாவிட்டால் அது என்ன நியாயம்?

சாருக்கும் ஒரு துண்டு வந்தது. கண்ணை இறுக்கிக் கட்டினார்கள். காலில் சலங்கையைக் கட்டினார்கள்.

கட்டியதுதான் தாமதம், உலகம் எங்கோ போய்விட்டது.

சலங்கைகள் மட்டும் இருந்தன. ஒன்று இடப்பக்கம், ஒன்று ரொம்பத் தூரத்தில், ஒன்று காதுக்குள்ளேயே. உப்புக் காற்று முகத்தைத் தடவிவிட்டுப் போனது. நிற்பது தரையில்தானா என்று சாருக்குச் சந்தேகம் வந்து, ஒரு தடவை குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“போங்க சார்!” என்றது ஒரு பிள்ளைக் குரல்.

போனார். பாதத்தின் அடியில் ஒரு கயிறு நெளிந்தது. தாண்டினார். யாரும் தொடவில்லை. இரண்டாவது கயிறு. தாண்டினார். மூன்று, நான்கு. திரும்பினார். அவருடைய சலங்கை மட்டும் ஜல் ஜல்லென்று கூடவே வந்தது. தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்.

மூன்று தடவை போய் வந்துவிட்டார். மூன்றாவது தடவை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடவும் செய்தார். ஐம்பத்தினாலு வயது, பாருங்கள்.

சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

“உடம்புல இன்னும் தெம்பு இருக்கு டீச்சர். காத்து மாதிரி போறேன்.”

“நாளைக்கும் ஆடுங்க சார்.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“ரசம் ஊத்திக்கிடுங்க.”

விடிந்தபோது உப்பளம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. பிள்ளைகள் அதற்குள் நடந்து போய் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சலங்கைகள் மட்டும் அங்கங்கே பேசிக்கொண்டன. சாருக்கு இராத்திரி கண்ட கனவு இன்னும் முடியவில்லையோ என்று தோன்றியது.

துண்டு கட்டினார்கள். போனார், வந்தார். கைதட்டினார்கள்.

மறுபடியும் போனார், வந்தார். கைதட்டினார்கள்.

ஏனோ இன்றைக்கு ருசிக்கவில்லை. உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது. என்ன குறைகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த தடவை மூன்றாவது கயிற்றை மிதித்ததும் சார் சட்டென்று நின்றார்.

முன்னால் ஒரு மூச்சு கேட்டது. சின்ன மூச்சு, கைக்கெட்டும் தூரத்தில். சலங்கைச் சத்தம் மட்டும் இல்லை.

துண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

சந்தனமாரி நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது, கண் தெரியாத பிள்ளை. அந்தக் கோட்டை மறிக்க வேண்டியவள். அவளோ ஒரு காலை மடக்கித் தூக்கி, சலங்கையைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, சாருக்கு வழிவிட்டு உடம்பைப் பின்னால் வளைத்திருந்தாள். மூச்சை அடக்கிப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை.

மற்றக் கயிறுகளின்மேல் பனிக்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் தெரிந்தார்கள். அத்தனை பேரும் ஒற்றைக் காலில். அத்தனை சலங்கையும் கைக்குள். அத்தனை முகத்திலும் பரிவு.

“ஏ பிள்ளை, என்ன செய்யுத?”

“ஐயையோ! சாரு பாத்துட்டாரு!”

“என்னை ஏன் தொடல?”

“நீங்க ஒப்புக்குச் சப்பாணில்லா சார்.”

எவ்வளவு வாஞ்சையாகச் சொன்னாள் தெரியுமா? ஆறுதல் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

“துண்டு கட்டி ஆடி உங்களுக்குப் பழக்கம் கிடையாது. விழுந்துட்டா பாவம்னு நாங்க எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம். நல்லாக் கைதட்டணும்னும் பேசி வச்சுக்கிட்டோம்.”

ஒப்புக்குச் சப்பாணி. தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடப் போன எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான். அவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். ஓடலாம், கத்தலாம். தொட மாட்டோம். அவுட் கிடையாது. கணக்கிலும் கிடையாது. அழாமல் இருந்தால் போதும்.

சாருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு நேராக டீச்சரிடம் போனார்.

“நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்ல சார். அதுகளாச் செஞ்சுது. நல்ல பிள்ளையளு.”

“உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நேத்தே தெரியும். கிரவுண்டுல உங்க சலங்கை ஒண்ணுதான் கேட்டுச்சு.”

“எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

“நீங்க சந்தோசமா இருந்தீங்களே சார்.”

“சந்தோசம்! கையத் தூக்கிக்கிட்டு ஆடினேன் டீச்சர். பைத்தியக்காரன் மாதிரி ஆடினேன். அம்புட்டுப் பேரும் மனசுக்குள்ள பாவம் பாவம்னு நெனச்சுக்கிட்டு...”

கழற்றி வைத்த செருப்பைத் தேடித் திரும்பினார்.

“எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம். நான் போறேன்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இதே பேச்சை இசக்கியிடம் கேட்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். வேப்பமரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, குரலைத் தாழ்த்தி அவரேதான் சொன்னார். “இசக்கி ஒப்புக்குச் சப்பாணி. யாரும் அவளைத் தொடக் கூடாது. அவளுக்கு இது தெரியவும் கூடாது.”

தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டு வருடம்!

கோயில்பிள்ளை சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அழுதார். டீச்சர் தடுக்கவில்லை.

அழுது முடித்த பிறகு கேட்டார்.

“அடுத்த பஸ் எப்ப டீச்சர்?”

“சாயங்காலம்தான். அதுக்குள்ள இன்னும் ஒரு ஆட்டம் ஆடலாம்.”

“நிசமா ஆடணும்னு பிள்ளையள்ட்டச் சொல்லுங்க.”

“நீங்களே சொல்லுங்க சார்.”

சார் பிள்ளைகள் முன்னால் போய் நின்றார். கழுத்தில் கிடந்த விசிலை விரலால் உருட்டினார். முப்பது வருடம் மைதானமே அதிரக் கத்திய ஆள். என்னையும் அவுட் ஆக்குங்கள் என்று கேட்பது இவ்வளவு கஷ்டமா? பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக் காதைக் கொடுத்தபடி காத்திருந்தார்கள்.

“என்னைத் தொடுங்கலே” என்றார் கடைசியில். “விட்டுராதீங்க.”

“விழுந்துட்டா?” என்று கேட்டாள் சந்தனமாரி.

“விழுந்துட்டு எந்திரிக்கேன்.”

துண்டு கட்டினார்கள். சார் கிளம்பினார். முதல் கயிற்றில் கால் படவில்லை, அதற்குள் முதுகில் படாரென்று ஓர் அடி விழுந்தது.

“அவுட்டு!”

சந்தனமாரிதான். என்ன கை அது!

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. ஏழு தடவை அவுட். ஒரு தடவை குப்புற விழுந்து முட்டி சிராய்த்தது. உப்பு மண் அல்லவா, எரிச்சல் உயிர் போனது.

“சார், உங்க சலங்கை அடுத்த ஊர் வரைக்கும் கேக்கு!”

“சாரு மூச்சு அதை விடச் சத்தமாக் கேக்குலே!”

எட்டாவது தடவை சார் மூச்சை அடக்கி, பாதத்தை மெல்ல ஊன்றி ஒரே ஒரு கயிற்றைத் தாண்டினார். ஒரே ஒரு கயிறு. அவர் போட்ட சத்தத்தில் பாத்தியில் நின்ற கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன. ஒருத்தரும் கைதட்டவில்லை.

“அடச்சே, விட்டுட்டோமே!” என்று சந்தனமாரி காலை உதைத்தாள்.

அதைக் கேட்டு அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் டீச்சர் ரோடு வரைக்கும் கூட வந்தார். வெயில் சாய்ந்து, பாத்தித் தண்ணீரெல்லாம் செம்மண் நிறத்தில் கிடந்தது.

“நான் கேட்டதுக்கு நீங்க கடைசி வரைக்கும் பதில் சொல்லல டீச்சர்.”

“பஸ் வருது சார்.”

சார் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்த வெள்ளைக்குள் ஒரு சின்னப் புள்ளி அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை. இசக்கியின் வீட்டில் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அவள் அப்பா துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். இசக்கி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இசக்கி, ஆட வா.”

“நான்தான் வரலன்னு சொல்லிட்டேனே சார்.”

“மொதக் கோட்டுல நான் நிக்கேன்.”

“நீங்களா?”

“நான்தான். உன்னைத் தாண்ட விடமாட்டேன்.”

இசக்கி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவருடைய முட்டியில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

“நிசமாவா?”

“நிசமா.”

கம்புகளை எடுத்தாள்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கூடிக் கட்டம் போட்டார்கள். முதல் கோட்டில் கோயில்பிள்ளை சார். அடுத்த கோட்டில் சுடலைமுத்து. அந்தத் தெருவிலேயே அவனைத் தாண்டிப் போன ஆள் குறைவு. மற்றக் கோடுகளிலும் ஆட்கள் நின்றார்கள்.

இசக்கி வந்தாள். இடது கம்பை நீட்டிப் போக்குக் காட்டினாள். சார் அந்தப் பக்கம் பாய்ந்தார். அவளோ வலது கம்பைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, உடம்பை ஒரு வீச்சு வீசினாள். அம்மாடி, என்ன வீச்சு! சார் அசந்துபோனார். இந்த வித்தையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? ஆனாலும் விடவில்லை. திரும்பிப் பாய்ந்து அவள் தோளில் கையை வைத்துவிட்டார்.

“அவுட்டு.”

ஆட்டம் நின்றுபோனது. பிள்ளைகள் சாரை முறைத்தார்கள். அவர் அவளை அடித்துவிட்ட மாதிரி முறைத்தார்கள். இசக்கி குனிந்து தன் கம்பையே பார்த்தாள். கெடுத்துவிட்டோமே என்று சார் கையை இழுத்துக்கொண்டார்.

“அவுட்டு இல்ல சார்” என்றாள் இசக்கி.

“தொட்டனே.”

“நீங்க தொடுததுக்கு முந்தியே கம்பு தாண்டிட்டு.”

“கம்பு தாண்டினா? காலுல்லா தாண்டணும்.”

“கம்பும் என் காலுதான். கள்ளாட்டம் ஆடாதீங்க சார்!”

சார் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. கம்பைக் காலாகச் சேர்ப்பதா, கூடாதா? அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவள் ஆடுகிறாள். இந்தக் கேள்வி இதுவரைக்கும் யாருக்கும் வரவேயில்லை.

“அவ சொல்லுதது சரிதான் சார்!”

“எப்படிச் சரியாகும்? காலுன்னா காலுதான்!”

“அவ நடக்கதே அதை வச்சுத்தானலே, வேற எப்படி?”

மைதானம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கட்டத்துக்குள் வந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். இசக்கி எல்லோரையும் விட உரக்கக் கத்தினாள்.

சத்தம் கேட்டு அவள் அப்பா தெருமுனையில் வந்து நின்றார். கையில் மடித்த பாவாடை ஒன்று.

“ஏட்டி, துணியெல்லாம் எடுத்து வைக்கணும், வா.”

“சும்மா இருங்கப்பா, ஆட்டம் நடக்கு!” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.

சுடலைமுத்து தன் கோட்டிலிருந்து கையைத் தூக்கினான்.

“சரிட்டி. கம்பும் காலுதான், ஒத்துக்கிடுதேன். அப்பன்னா கம்பைத் தொட்டாலும் நீ அவுட்டு. சம்மதமா?”

இசக்கி இரண்டு கம்பையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு அவன் கோட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

“மொதல்ல தொட்டுப் பாருலே.”